இரவு 2 மணிக்குக் கதவைத் தட்டினார்கள்: மலைக் கிராமத்தில் தன்னார்வலர் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது?

மாலைப்பள்ளி (இழையைத் தொடங்கியவர்)

ஜவ்வாது மலையில் ஒரு சிற்றூரில் தங்கி, மாலைப் பள்ளியில் பிள்ளைகளுக்குத் தமிழும் கணக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். ஓராண்டு இருப்பதாக வந்தேன். இது நான்காவது மாதம். ஊர்ப் பெயரை எழுதவில்லை; ஊராரைச் சங்கடப்படுத்த மனமில்லை. மொத்தம் 42 வீடுகள். தார்ச்சாலைக்கு 7 கிலோமீட்டர் மண்பாதை. நடுவில் ஓர் ஓடை குறுக்கிடுகிறது. மழை பிடித்துக்கொண்டால் எந்த வண்டியும் அந்த ஓடையில் இறங்காது. கைப்பேசிக்குச் சிக்னல் வேண்டுமென்றால் ஊருக்கு மேலே உள்ள பாறையில் ஏற வேண்டும்.

இரண்டு வாரங்களுக்கு முன் ஓர் இரவு, 2 மணி இருக்கும், கதவைத் தட்டினார்கள். என்னிடம் படிக்கும் பத்து வயதுப் பையனின் சித்தப்பா நின்றிருந்தார். "டீச்சர், பையன் வயிற்றுவலி என்று புரள்கிறான். மாத்திரை இருந்தால் கொடுங்கள்" என்றார். வரும்போது வீட்டிலிருந்து ஒரு மருந்துப் பெட்டி கொண்டுவந்திருந்தேன். வயிற்றுவலி மாத்திரை ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவனைத் தூக்கி உட்காரவைத்து, தண்ணீரோடு கொடுத்தும்விட்டேன். விழுங்கக் கஷ்டப்பட்டான். வலியில் அப்படிச் செய்கிறான் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் என்னைப் பார்த்து, "டீச்சர், நீங்கள் இரண்டு பேராகத் தெரிகிறீர்கள்" என்றான். இமைகள் பாதி மூடியிருந்தன. தூக்கக் கலக்கம் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் பாட்டி விளக்கை எடுத்து முகத்துக்குக் கிட்டே பிடித்தார். ஒரு விரலால் இமையைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். விரலை எடுத்ததும் இமை மறுபடியும் விழுந்தது. "இது தூக்கம் இல்லை. இவனைப் பூச்சி தொட்டிருக்கிறது" என்றார். இரவில் இங்கே பாம்பைப் பாம்பு என்று சொல்ல மாட்டார்கள்.

உடம்பு முழுவதும் தேடினோம், கடிவாய் தெரியவில்லை. மந்திரிக்கிற பெரியவரை அழைத்துவந்தார்கள். அவர் இரண்டு மிளகைக் கொடுத்து மெல்லச் சொன்னார். உறைக்கவில்லை என்று பையன் தலையசைத்தான். பெரியவர் உடனே எழுந்துகொண்டார். "என் கையில் இல்லை. கீழே தூக்கிக்கொண்டு போங்கள்" என்றார்.

ஒருவன் 108-க்குச் சொல்லப் பாறைக்கு ஓடினான். மூங்கிலில் போர்வையைக் கட்டி டோலியாக்கித் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். நான் டார்ச் பிடித்துக்கொண்டு முன்னால் போனேன். தார்ச்சாலையில் ஆம்புலன்ஸ் ஏறும்போது மணி 4.50. முதலில் போன மருத்துவமனையில் இரவுப் பணியில் மருத்துவர் இல்லை. பாம்புக்கடி மருந்து இருப்பதாகச் சொன்னார்கள், ஆனால் போடவில்லை. கடிவாய் இல்லை, ரத்தம் நன்றாக உறைகிறது என்று சொல்லிச் சீட்டு எழுதி மேலே அனுப்பிவிட்டார்கள். பெரிய மருத்துவமனையைச் சேர்வதற்குள் மூச்சு மிகவும் குறைந்துபோயிருந்தது. மூன்று நாள் செயற்கைச் சுவாசத்தில் இருந்தான். பிழைத்துவிட்டான். முந்தாநாள் ஊருக்குத் திரும்பினான். குரல் மட்டும் இன்னும் கரகரப்பாக இருக்கிறது.

எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அந்த மாத்திரையைக் கொடுத்தது என் கை. அரை மணி நேரம் வீணாகப் போனது என்னால். மருந்துப் பெட்டியை வைத்திருக்கலாமா, தூக்கிப் போட்டுவிடலாமா? மருத்துவம் படிக்காத என்னைப் போன்ற ஒருத்தி இப்படிப்பட்ட இடத்தில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற செவிலி

கண்ணு, பையன் பிழைத்தான் என்ற வரிக்கு வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. 29 ஆண்டுகள் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தேன். அதில் 9 ஆண்டுகள் மலைமேல்தான்.

நள்ளிரவு, தரையில் படுத்த பிள்ளை, வயிற்றுவலி என்று நீ எழுதியதுமே தெரிந்துவிட்டது, கட்டுவிரியன். நல்ல பாம்போ கண்ணாடி விரியனோ கடித்தால் வலிக்கும், வீங்கும், மற்றவர்களுக்குத் தெரியும். கட்டுவிரியனின் பல் சிறியது. கடித்த இடத்தில் பெரும்பாலும் வீக்கமும் இருக்காது, வலியும் இருக்காது. தூங்குகிறவர்கள் எறும்பு கடித்ததாக நினைத்துப் புரண்டு படுத்துக்கொள்வார்கள். ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுவார்கள். பிறகு இமை தொங்கும், பார்வை இரண்டாகத் தெரியும், எச்சில் விழுங்க முடியாது, பேச்சு குழறும். கடைசியில் மூச்சுத் தசைகள் ஓய்ந்துபோகும். அந்தப் பாட்டி இமையைத் தூக்கிப் பார்த்தாரே, மருத்துவக் கல்லூரியில் சொல்லிக்கொடுப்பதும் அதைத்தான்.

மாத்திரையைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன், வருத்தப்படாதே. தொண்டைத் தசை தளர்ந்த பிள்ளைக்கு வாய்வழியாக எது கொடுத்தாலும் நுரையீரலுக்குள் போகக்கூடும். மாத்திரை, மிளகு, டீ, தண்ணீர் எதுவும் கூடாது. இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். வாந்தி வந்தால் வெளியே வழிந்துவிடும், நாக்கும் பின்னால் விழாது. டோலியில் தூக்கும்போதும் அப்படியே. மல்லாக்கப் படுக்கவைத்துத் தூக்கிவந்து, பாதிவழியில் வாந்தி அடைத்து இறந்த ஒரு பெரியவரை நான் பார்த்திருக்கிறேன். விஷத்தைவிட அந்த வாந்திதான் அவரைக் கொன்றது.

கயிற்றை இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதையும் அனுமதிக்காதே. கை காலில் கடி தெரிந்தால், எலும்பு முறிந்ததற்குக் கட்டுவதுபோல மூங்கில் தப்பை வைத்து அசையாமல் கட்டினால் போதும். மோதிரம், கொலுசு, அரைஞாண் எல்லாவற்றையும் முதலிலேயே கழற்றிவிடு. வீங்கிய பிறகு கழற்ற முடியாது.

இன்னொன்று, கொசுவலை. பாய்க்கு அடியில் நாலாபக்கமும் செருகிவிட்டுப் படுத்தால் கட்டுவிரியன் உள்ளே வராது. ஊரில் எத்தனை வீட்டில் வலை இருக்கிறது என்று எண்ணிப் பார்.

மலையூரான்

நான் அதே மலையில் பிறந்தவன். இப்போது வேலைக்காகத் திருப்பத்தூரில் இருக்கிறேன். டீச்சருக்கு நன்றி. எங்கள் பெரியவரை நீங்கள் கேலி செய்யாமல் எழுதியிருக்கிறீர்கள். வழக்கமாக எழுதுகிறவர்கள் மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

எங்கள் ஆட்கள் ஏன் முதலில் அவரிடம் போகிறார்கள்? அவர் வீடு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. இரவு எந்நேரமானாலும் எழுந்து வருவார். "ஏன் இவ்வளவு நேரம் கழித்துத் தூக்கிக்கொண்டு வந்தாய்" என்று கத்த மாட்டார். என் அம்மாவை ஒருமுறை மருத்துவமனைக்கு அழைத்துப் போனபோது, வாசலில் இருந்தவர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒருமையில் பேசினார். அம்மா அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் எந்த ஆஸ்பத்திரிப் படியையும் மிதிக்கவில்லை. ஒருநாள் கூலி போனால் வீட்டில் அன்றைக்கு அடுப்பெரிவது கஷ்டம். கீழே போனால் ஒருநாளோடு முடியாது, கூடவே இருக்க ஓர் ஆள் வேண்டும், ஆடுகளைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும், திரும்பிவரப் பணம் வேண்டும். 108 கீழே கொண்டுபோகும். மேலே ஏற்றிக் கொண்டுவருவதற்கு வண்டி பிடிப்பது எங்கள் பாடு.

2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் நடந்தது நினைவிருக்கிறதா? ஒன்றரை வயதுப் பெண் குழந்தை, பாம்புக்கடி. மருத்துவமனைக்குப் போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது. உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ், சாலை இல்லை என்று பாதியில் நின்றுவிட்டது. பெற்ற தாய் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மலையேறினாள். தொலைக்காட்சியில் அன்று முழுவதும் காட்டினார்கள். என் மகளுக்கும் அப்போது கிட்டத்தட்ட அதே வயது. சாலை, சாலை என்று நாங்கள் கத்துவது வண்டியில் சொகுசாகப் போவதற்கு இல்லை.

அவசரப் பிரிவு

அரசு மருத்துவமனை ஒன்றில் அவசரப் பிரிவில் பணிபுரியும் மருத்துவர் நான். மலையூரான் எழுதிய அந்த வாசல் அனுபவத்துக்காக வெட்கப்படுகிறேன். அது நடக்கிறது. எங்கள் மருத்துவமனையிலும் நடந்திருக்கிறது.

முதல் மருத்துவமனை ஏன் மருந்து போடவில்லை என்பதை மட்டும் விளக்குகிறேன், நியாயப்படுத்துவதற்காக இல்லை. விரியன் கடியைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, 20 நிமிடம் ஆட்டாமல் வைத்துவிட்டுச் சாய்த்துப் பார்ப்போம். உறையாமல் ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது. கண்ணாடி விரியனுக்கும் சுருட்டை விரியனுக்கும் இது பொருந்தும். கட்டுவிரியன் விஷம் நரம்பைத் தாக்குவது; ரத்தம் வழக்கம்போல உறைந்துவிடும். "ரத்தம் உறைகிறது, பயமில்லை" என்று அந்தப் பையனை மதிப்பிட்டது தவறு. இமையைப் பார்த்திருக்க வேண்டும்.

இன்னொரு காரணம் பயம். இந்தியாவில் கிடைக்கும் மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்து. சிலருக்கு உடனே கடுமையான ஒவ்வாமை வரும். அட்ரினலின் ஊசியைப் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம். ஆனாலும் இரவில் தனியாக இருக்கும் ஒரு செவிலிக்கு 10 குப்பி மருந்தைக் கரைத்து ஏற்றுவதற்குக் கை நடுங்கும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அங்கே ஒரு மருத்துவர் இல்லாததுதான் குறை. சிறு பிள்ளைக்கும் பெரியவருக்கும் அளவு ஒன்றுதான் என்பதுகூடப் பலருக்குத் தெரியாது. கடித்த பாம்பு ஆளின் எடையைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்தார்கள் என்று ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலும் கிராமத்தவர்கள். தமிழ்நாட்டில் 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தார்கள். தனியார் மருத்துவமனைகளும் இனிக் கணக்குச் சொல்லியாக வேண்டும். வரவேற்கிறேன்.

டீச்சர் கேட்டதற்கு வருகிறேன். உங்களிடமிருந்து எனக்கு வேண்டியது மாத்திரை இல்லை, ஒரு துண்டுக் காகிதம். எத்தனை மணிக்கு வலி தொடங்கியது, இமை தொங்கியது எப்போது, பேச்சு குழறியது எப்போது, கடைசியாக என்ன சாப்பிட்டான், என்ன மருந்து கொடுத்தீர்கள். நேரம் போட்டு எழுதுங்கள். இரண்டு மணிக்குப் பேசிக்கொண்டிருந்தவன் நான்கு மணிக்குப் பேசவில்லை என்று தெரிந்தால் நான் அடுத்த நிமிடமே முடிவெடுப்பேன். ஒன்றும் தெரியாமல் வந்தால் முதலில் கதை கேட்க வேண்டும். பாம்பை அடித்துக்கொண்டு வர வேண்டாம். அடிக்கப் போனவரும் கடிபட்டு வந்து படுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

தென்கிழக்கு நேபாளத்தில் டமக் நகரை ஒட்டிய கிராமங்களில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஊருக்குள் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் தன்னார்வலர்களைப் பட்டியலிட்டு, பாம்பு கடித்தவரை நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ள, நேராகச் சிகிச்சை மையத்துக்குக் கொண்டுபோனார்கள். மக்களுக்கும் எடுத்துச் சொன்னார்கள். 10.5 விழுக்காடாக இருந்த இறப்பு 0.5 விழுக்காடாகக் குறைந்தது. அந்தத் தன்னார்வலர்கள் செய்ததெல்லாம் தாமதத்தைக் குறைத்தது. உங்கள் ஊரில் எத்தனை பேரிடம் வண்டி இருக்கிறது? ஒரு எச்சரிக்கை: இமை விழுந்துவிட்டவரை, நினைவு தப்பியவரை உட்காரவைத்துக் கொண்டுபோகக் கூடாது; கிடத்தித்தான் கொண்டுபோக வேண்டும்.

கரும்பாறை

நான் கல்வராயன் மலையில் இரண்டு ஆண்டுகள் தன்னார்வலராக இருந்தேன். மருந்துப் பெட்டியைப் பற்றி எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. டீச்சர், ஊராருக்கு நோய் வருவதைப் பற்றியே பேசுகிறோம். உங்களுக்கே வந்தால் என்ன செய்வீர்கள்?

டிசம்பர் மாதம், எனக்குக் காய்ச்சல். தலை பிளப்பதுபோல வலி. பனிக்காலம், சாதாரணக் காய்ச்சல் என்று பாராசிட்டமால் போட்டேன். மூன்றாம் நாள், பெட்டியிலிருந்த அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்கை எடுத்து நானே சாப்பிடத் தொடங்கினேன். ஊரார் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார்கள். "கீழே போய் வாருங்கள் சார்" என்று தினமும் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. உதவி செய்ய வந்த நானே அவர்கள் தோளில் டோலியாக ஏறுவதா என்ற எண்ணம். ஆறாம் நாள் மூச்சு வாங்கத் தொடங்கியது.

தடுப்பூசி போடுவதற்காக ஊருக்கு வந்த செவிலியர் என்னைப் பார்த்துவிட்டு, "சட்டையைத் தூக்குங்கள், இடுப்புத் துணி கட்டுகிற இடத்தைப் பார்க்க வேண்டும்" என்றார். அங்கே மிளகு அளவில் ஒரு கறுத்த பொருக்கு, பீடி நெருப்பு பட்டதுபோல. சுற்றிலும் லேசாகச் சிவந்திருந்தது. வலியும் அரிப்பும் இல்லாததால் நான் கவனித்ததே இல்லை. உண்ணிக் காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ். புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்குஞ்சு கடித்து வருவது. நான் விழுங்கிக்கொண்டிருந்த அமாக்சிசிலின் அதை ஒன்றும் செய்யாது. கீழே போய் டாக்சிசைக்ளின் தொடங்கினார்கள். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. இன்னும் சில நாள் போயிருந்தால் நுரையீரலும் சிறுநீரகமும் போயிருக்கும் என்று மருத்துவர் சொன்னார்.

அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு மடிப்பு, மார்புக்குக் கீழே. காய்ச்சல் நான்கு நாளைத் தாண்டினால் இந்த இடங்களில் தேடச் சொல்லுங்கள். பெட்டியில் மருந்து இருந்ததால்தான் நான் ஆறு நாள் வீணடித்தேன். பெட்டி காலியாக இருந்திருந்தால் இரண்டாம் நாளே இறங்கியிருப்பேன்.

தென்னங்கீற்று

எல்லோரும் பெட்டியைத் தூக்கிப் போடு என்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. மருத்துவர் இல்லாத ஊரில் படித்த ஒருவர் கையில் மருந்து இருந்தும் கொடுக்காமல் இருப்பது எந்த வகையில் நியாயம்? மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் இணையர் என்ன செய்தார்கள்? கிராமத்துப் பெண்களையே பயிற்றுவித்து, பச்சிளம் குழந்தைகளுக்கு ஆன்டிபயாட்டிக் ஊசி போடவைத்தார்கள். பச்சிளம் குழந்தைகளின் இறப்பு 62 விழுக்காடு குறைந்ததாக 1999-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. மருத்துவர் மட்டுமே தொட வேண்டும் என்றிருந்தால் அந்தக் குழந்தைகள் போய்ச் சேர்ந்திருக்கும்.

கரும்பாறை

தென்னங்கீற்று, நீங்கள் சொன்ன எடுத்துக்காட்டை நான் மதிக்கிறேன். ஆனால் அதையே இன்னும் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். அந்தப் பெண்கள் அதே ஊர்க்காரர்கள். குழந்தை பிறந்த வீட்டுக்கு நாள் கணக்கு வைத்துப் போனார்கள், எடை பார்த்தார்கள், மூச்சை எண்ணினார்கள். எந்த அறிகுறிக்கு எந்த மருந்து என்று எழுதிப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். மேலே ஒருவர் வந்து சரிபார்த்தார். நம் பக்கத்தில் தருமபுரி மாவட்டம் சிட்லிங்கியில் டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா இணையர் 1993-இல் ஒரு கூரைக் குடிசையில் மருத்துவமனை தொடங்கினார்கள். அவர்களும் அந்தப் பள்ளத்தாக்கின் பழங்குடிப் பெண்களைத்தான் செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் உருவாக்கினார்கள்.

நானும் டீச்சரும் ஓராண்டில் மூட்டையைக் கட்டிவிடுவோம். எங்கள் கையில் இருக்கும் மாத்திரையை ஊர் நம்பத் தொடங்கினால், நாங்கள் போன பிறகு என்ன நடக்கும்? நான் திரும்பி வந்த மூன்றாவது மாதம், ஒரு பாட்டி பேருந்து பிடித்துக் கீழே வந்து எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். "சார், நீங்கள் கொடுத்த அந்த வெள்ளை மாத்திரை தீர்ந்துபோய்விட்டது" என்றார். முழங்கால் வலிக்குக் கொடுத்தது. அவருக்கு ரத்த அழுத்தம் இருந்ததா, சிறுநீரகம் எப்படி இருந்தது, எதுவும் தெரியாமல்தான் கொடுத்திருக்கிறேன்.

தென்னங்கீற்று

அந்தப் பாட்டி விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் நெஞ்சு முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. வயிற்றுப்போக்கில் துவண்ட பிள்ளையைக் கொண்டுவந்தால் டீச்சர் என்ன செய்ய வேண்டும்? கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா?

ஓய்வுபெற்ற செவிலி

கையைக் கட்டிக்கொண்டு யாரும் நிற்க வேண்டாம். உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொடுப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. ஆனால் அதிலும் நான் பார்த்த தவறு ஒன்று உண்டு. ஒரு லிட்டருக்கான பெரிய பொட்டலத்தை ஒரே டம்ளர் தண்ணீரில் கரைத்துவிடுவார்கள். கெட்டியாக இருந்தால் சீக்கிரம் குணமாகும் என்று ஓர் எண்ணம். உப்பு மிஞ்சினால் பிள்ளைக்கு வலிப்பே வரும். ஆகவே பொட்டலம் கொடுக்கும்போது வாயால் சொல்லிவிட்டுப் போகாதே. அந்த வீட்டுச் சொம்பை எடுத்து, ஒரு லிட்டர் பாட்டிலால் அளந்து, தண்ணீர் எதுவரை வருகிறதோ அங்கே கரியால் ஒரு கோடு போட்டுக் காட்டு. ஒவ்வொரு வீட்டுச் சொம்பும் ஒவ்வோர் அளவு.

பொட்டலம் இல்லையென்றால், ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் தலைதட்டிய சிறு கரண்டி, அதாவது டீ ஸ்பூன், 6 அளவு சர்க்கரை, அரை அளவு உப்பு. வாயில் வைத்துப் பார்த்தால் கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது. சாமைக் கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டும் கொடுக்கலாம். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. துத்தநாக மாத்திரையைச் செவிலியர் 14 நாளுக்குக் கொடுப்பார். போக்கு நின்றதும் பாதியில் நிறுத்திவிடுவார்கள், அதை மட்டும் நீ கவனித்துக்கொள். கண் குழிந்து, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்பினால், குடிக்க முடியாமல் துவண்டால், மலத்தில் ரத்தம் வந்தால் காத்திருக்காதே, இறங்கிவிடு. வழியெல்லாம் கரண்டி கரண்டியாகக் கொடுத்துக்கொண்டே போ. கரைசல் குடிக்கும் அளவுக்கு அவனுக்கு நினைவு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்.

பெட்டியைப் பற்றி: வெப்பமானி, கரைசல் பொட்டலம், பாராசிட்டமால், சுத்தத் துணி, சோப்பு, நல்ல டார்ச். மிச்சத்தை உன் பகுதிச் செவிலியரிடம் கொடுத்துவிடு. அவரைப் பார்த்துப் பேசினாயா? அவருக்கும் அந்த மலையில் ஒரு துணை தேவை.

மலையூரான்

பிரசவத்தைப் பற்றி யாரும் எழுதவில்லையே. எங்கள் பெண்களுக்கு அதுதான் பெரிய கண்டம். மலைப்பகுதிச் சுகாதார நிலையங்கள் சிலவற்றில் பிரசவத்துக்கு முன்பே வந்து தங்கக் காத்திருப்பு அறை இருக்கிறது, துணைக்கு ஒருவரும் தங்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் பெண்கள் போகத் தயங்குகிறார்கள். மூத்த பிள்ளைக்கு யார் சோறு போடுவது, ஆட்டை யார் ஓட்டுவது? என் அக்கா அதனால்தான் போகவில்லை. மழை இரவில் ஓடைக்கரையில் பிரசவமானது. அம்மா சேலையைத் திரைபோலப் பிடித்துக்கொண்டு நின்றார். பிள்ளை நன்றாக இருக்கிறான், அக்காவுக்குத்தான் ரத்தம் நிறையப் போய், தேற ஆறு மாதம் ஆனது.

டீச்சர், உங்களால் மருந்து கொடுக்க முடியாது, சரி. எட்டு மாதம் ஆன பெண் யார் என்று உங்களுக்குத் தெரியும். அவள் மூத்த பிள்ளை உங்களிடம்தான் படிக்கும். அவள் கீழே தங்கியிருக்கும் நாட்களில் அந்தப் பிள்ளைக்கு இரவுச் சோற்றுக்கு ஒரு வீட்டை ஏற்பாடு செய்துகொடுங்கள். அந்தப் பெண் போய்விடுவாள்.

மாலைப்பள்ளி

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னியுங்கள். பாறைக்கு ஏறினால்தான் இங்கே வர முடிகிறது.

செவிலியரைப் பார்த்தேன். 5 குக்கிராமங்களுக்கு அவர் ஒருவர்தான், நடந்தே வருகிறார். பெட்டியிலிருந்த வயிற்றுவலி மாத்திரை, ஆன்டிபயாட்டிக், பாதிப் பட்டை வலி மாத்திரைகள் எல்லாவற்றையும் அவரிடம் கொடுத்துவிட்டேன். தேதி முடிந்தவை பாதிக்கு மேல் இருந்தன. அவர் ஒன்றும் சொல்லாமல் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துத் தனியே வைத்தார்.

பாதையைப் பகலில் மூன்று முறை நடந்து நேரம் பார்த்தேன். டோலியோடு ஓடைவரை 50 நிமிடம், ஓடையிலிருந்து தார்ச்சாலைக்கு 45. ஊரில் 6 மோட்டார் சைக்கிள்கள் இருக்கின்றன. கீழே இருக்கும் ஊரில் ஒரு பிக்கப் வண்டிக்காரர், எந்நேரம் கூப்பிட்டாலும் ஓடையின் அக்கரைவரை வருவதாகச் சொல்லியிருக்கிறார். எரிபொருள் செலவுக்கு வீட்டுக்கு மாதம் 20 ரூபாய் போட ஊர்க்கூட்டத்தில் ஒத்துக்கொண்டார்கள். பாறைக்கு ஓட வேண்டியவர்கள் யார் என்று முறை வைத்திருக்கிறோம்.

போன வாரம் சாமைக் கொல்லையில் ஒருவரை விரியன் கடித்தது. மாலை 5 மணி. யாரும் கயிறு கட்டவில்லை. தப்பை வைத்துக் கட்டி, மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்காரவைத்து, ஓடையில் இறக்கித் தூக்கிக்கொண்டு போய் பிக்கப்பில் ஏற்றினார்கள். 6.40-க்கு மருத்துவமனையில் இருந்தார். நான் போகவே இல்லை, பள்ளியில் இருந்தேன். துண்டுக் காகிதத்தில் நேரம் எழுதிக் கொடுத்தது அந்தப் பத்து வயதுப் பையன். காலுக்கு மேலே வீக்கம் ஏறிய ஒவ்வோர் இடத்திலும் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் மணியும் எழுதியிருக்கிறான். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். சொம்பில் கோடு போட்டீர்களே டீச்சர், அதுபோலத்தான் என்றான்.

எட்டு மாதப் பெண் இரண்டு பேர். ஒருத்தி கீழே போய்த் தங்கியிருக்கிறாள், மகள் எங்கள் பக்கத்து வீட்டில் சாப்பிடுகிறாள். இன்னொருத்தி வர மறுக்கிறாள். தினமும் போய் அவள் வீட்டுத் திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.

கொசுவலை இன்னும் 19 வீடுகளுக்குத் தேவை. சாலைக்கு மனு கொடுத்திருக்கிறோம். மலையூரான் அண்ணன்தான் எழுதித் தந்தார். பையனைத் தூக்கிப் போன மூங்கில் அன்றிரவே விரிசல் விட்டுவிட்டது. நாளைக் காலை மந்திரிக்கிற பெரியவர் புதிதாக வெட்டப் போகிறார். நல்ல முற்றிய மூங்கிலாகப் பார்த்து வைத்திருக்கிறேன், நீயும் வா என்றார்.